பதிவேடு கைமாறும்போது

"இணையதளம் மேம்படுத்தப்படுகிறது" என்று ஓர் அரசு அலுவலகம் அறிவித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கம்ப்யூட்டர் மேல் பயமில்லை. பதிவேடு கைமாறுகிறபோது என்னென்ன தொலையும் என்று சர்வீஸ் முழுக்கப் பார்த்தவன்.

நாம் அடிக்கும் பெயருக்கு எந்த எண் முகவரி என்று சொல்வது டிஎன்எஸ். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்கு அது ஓர் 'ஆன்னுயேர்', டெலிபோன் டைரக்டரி மாதிரி. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது.

விண்டோஸ் சர்வர் 2003-க்கு ஆதரவு 2015 ஜூலை 14-ல் நின்றது. 2012-க்கு 2023 அக்டோபர் 10-ல். இப்படி ஒவ்வொரு முறையும் பதிவேடு புது மெஷினுக்குப் போகிறது. பெயர் விவரங்கள் ஒரு ஃபோல்டரில் கோப்புகளாக இருக்கலாம். எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு, யாருக்கு நகல் தரலாம் என்பதெல்லாம் ரெஜிஸ்ட்ரியில் தனியே இருக்கும். கோப்புகளை மட்டும் காப்பி எடுப்பது, பகிர்மானப் பதிவேட்டை விட்டுவிட்டுக் கட்டுகளை மட்டும் லாரியில் ஏற்றுகிற கதை.

இன்னொன்று. முகவரியை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதியிருக்கும். 86,400 என்றால் ஒரு நாள் முழுக்க ஊர் உலகம் பழைய இடத்துக்கே போகும். விவரமறிந்தவர் முன்கூட்டியே அதை 300 ஆகக் குறைத்துவிடுவார், பழைய மெஷினையும் உடனே அணைக்க மாட்டார். 1974 ஜனவரி 14-ல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து புதுக்கோட்டை பிரிந்தபோது நான் வேலைக்குப் புதிது. எங்கள் தபால் வெகுநாள் திருச்சிக்கே போயிற்று. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் சலிக்காமல் திருப்பி அனுப்பியதால் தப்பித்தோம்!

போன வருஷம் ஓர் அலுவலகத்தின் தளம், சர்வர் மாற்றியபின் இரண்டு நாள் சில போன்களில் திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் என்னவாயிற்று என்று பார்க்க முடியாமல் அறந்தாங்கிப் பக்கமிருந்து ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். "உங்க போன்லதாம்மா கோளாறு" என்று அனுப்பிவிட்டார்கள். போன் என்ன செய்யும்? அதற்குக் கிடைத்தது பழைய முகவரி.

முடியாத காரியமல்ல இது. 2019-ல் டாட் இன் பதிவேடு முழுவதும், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களோடு, அஃபிலியாஸிடமிருந்து நியூஸ்டாருக்குக் கைமாறியது. முன்கூட்டியே தேதி சொல்லித்தான் செய்தார்கள்.

நம் அலுவலகங்கள் இதை இன்ஜினியரிடம் மட்டும் விடக் கூடாது என்பேன். சார்ஜ் ஒப்படைப்பு மாதிரி பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அச்செடுத்து, வரிக்கு வரி டிக் அடித்து, இருவர் கையெழுத்துப் போடட்டும். கவுண்டரில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாத முதல் வாரத்தில் மட்டும் எதையும் தொடாதீர்கள்; பென்ஷன் ஏறியதா என்று நாங்கள் பார்ப்பது அப்போதுதான்.