வேற்றுமையைக் கண்டு வெருள வேண்டாம்

 

செவிலியர் பணிக்காகவும், தொழிற்பயிற்சிக்காகவும், மேற்படிப்புக்காகவும் ஜெர்மனி செல்ல விரும்பி அந்நாட்டு மொழியைக் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் இருக்கின்றனர். முதல் சில வாரங்கள் வகுப்பு இனிமையாகவே செல்கிறது. முகமன் கூறவும், பெயர் சொல்லவும், எண்ணவும் கற்றுக்கொள்கின்றனர். பின்னர் ஒருநாள் வேற்றுமை அட்டவணை பலகையில் எழுதப்படுகிறது. நான்கு வேற்றுமை, ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் போன்ற மூன்றாம் பால், பன்மை என நான்கு வரிசை, ஆகப் பதினாறு கட்டங்கள்! “இம்மொழி நமக்கு வராது” என்று பலர் மனம் தளர்வது அன்றுதான். அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டால், பெற்றோர் கட்டிய பணத்தோடு பிள்ளையின் தன்னம்பிக்கையும் சேர்ந்தே போய்விடுகிறது.

இந்த அச்சம் தேவையற்றது. வேற்றுமை நமக்குப் புதிய சரக்கன்று. செய்தவர் யார், யாரைச் செய்தார், யாருக்குச் செய்தார், யாருடையது என்பவற்றைப் பெயர்ச்சொல்லில் காட்டும் அடையாளமே வேற்றுமை. ஆங்கிலத்தில் இவ்வடையாளம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. சொல் நிற்கும் இடமே அங்குப் பொருளைத் தீர்மானிக்கிறது. ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகவே விளங்கிக்கொள்ள முயலும் பிள்ளை தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டு வேற்றுமை கொண்ட தமிழைத் தாய்ப்பாலோடு பருகிய பிள்ளை, நான்கு வேற்றுமைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மத்ரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கோ இன்னும் எளிது. ‘ளரப ஸைதுன் அம்ரன்’ என்பது காலங்காலமாக ஓதப்படும் எடுத்துக்காட்டு. ‘ஸைதுன்’ என்பதிலுள்ள ரஃப்வு அடித்தவரையும், ‘அம்ரன்’ என்பதிலுள்ள நஸ்பு அடிபட்டவரையும் காட்டுகின்றன. ஜெர்மனில் ‘டேர் லேரர் லோப்ட் டேன் ஷூலர்’ என்றால், ஆசிரியர் மாணவனைப் பாராட்டுகிறார் என்று பொருள். ‘டேன் ஷூலர் லோப்ட் டேர் லேரர்’ என்று மாற்றிச் சொன்னாலும் பாராட்டுபவர் ஆசிரியரே. ‘மாணவனை ஆசிரியர் பாராட்டுகிறார்’ என்று நாமும் சொல்வதில்லையா? தமிழிலும் அரபியிலும் அடையாளம் சொல்லின் இறுதியில் வரும். ஜெர்மனில் அது பெரும்பாலும் சொல்லுக்கு முன் நிற்கும் ‘டேர், டேன், டேம்’ என்ற சிறு சொல்லில் வரும். வேறுபாடு இவ்வளவே.

‘டாட்டிவ்’ எனப்படும் வேற்றுமைதான் பலரையும் மிரட்டுவது. அது பெரிதும் நம் நான்காம் வேற்றுமையே. ‘ஹெல்ஃபன்’ என்றால் உதவுதல். அவ்வினைக்கு ஏன் டாட்டிவ் வருகிறது என்று ஆங்கிலம் பேசுவோர் வியப்பர். நாமோ ‘அவருக்கு உதவினேன்’ என்றே சொல்கிறோம். ‘மீர் இஸ்ட் கல்ட்’ என்பது ‘எனக்குக் குளிர்கிறது’. ‘டாஸ் கெஃபெல்ட் மீர்’ என்பது ‘அது எனக்குப் பிடித்திருக்கிறது’. ‘மீர்’ என்பது ‘எனக்கு’. இவற்றில் தமிழ்ப் பிள்ளை மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

அரபியில் ‘மின், இலா, ஃபீ’ முதலியவற்றை அடுத்து வரும் பெயர் ஜர்ரு பெறுவதுபோல், ஜெர்மனில் ‘மிட், ஃபொன், அவுஸ்’ முதலியவற்றை அடுத்து டாட்டிவ் வரும். ‘ஃபூர், ஓன’ முதலியவற்றை அடுத்து, நம் இரண்டாம் வேற்றுமையை ஒத்த ‘அக்குசாட்டிவ்’ வரும். அரபியில் ‘ஷம்ஸ்’ பெண்பால், ‘கமர்’ ஆண்பால். ஜெர்மனிலும் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால்! ஆனால் எல்லாச் சொற்களும் இவ்வாறு பொருந்திவிடா. ஆகவே எந்தப் பெயரையும் தனியாகப் படிக்காமல், ‘டேர், டீ, டாஸ்’ என்பவற்றுள் அதற்குரிய முன்சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பதினாறு கட்டங்களையும் ஒரே இரவில் உருப்போடவும் வேண்டாம். ஒருமையில், முதல் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் முன்சொல் மாறுவது ஆண்பாலில் மட்டுமே. அதை முதலில் படிக்கலாம். ‘வேர்’ என்றால் யார், ‘வேன்’ என்றால் யாரை, ‘வேம்’ என்றால் யாருக்கு. அவற்றிற்கு விடையாக வருபவை ‘டேர், டேன், டேம்’. கேள்வியின் ஓசையிலேயே விடையும் இருக்கிறது. நாள்தோறும் ஐந்து வாக்கியங்களை எடுத்து, இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகினால் போதும்.

இது வெறும் தேர்வுக்கான பாடமன்று. நோயாளியின் அருகில் நிற்கும் செவிலிக்கு, மருந்தை யாருக்கு யார் கொடுக்கச் சொன்னார் என்பது ஐயமின்றி விளங்க வேண்டும். ஓரெழுத்தின் குறி மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தவ்பா அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தில் ‘ரஸூல்’ என்ற சொல்லின் இறுதிக் குறியை ஒருவர் மாற்றி ஓத, பொருளே தலைகீழானதைக் கேட்டு அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் பதறினார்கள் என்றும், குர்ஆன் எழுத்துகளுக்கு உயிர்க்குறிப் புள்ளிகள் இடத் தொடங்கியது அதன் பின்னரே என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறாகப் பேசும்போது நகைக்காதீர்கள். “இதை வைத்து என்ன சம்பாதிக்கப் போகிறாய்?” என்று தமிழ் இலக்கணத்தையும், “இது ஓதுவதற்கு மட்டும்தான்” என்று நஹ்வையும் ஒதுக்கிவிடாதீர்கள். வேற்றுநாட்டு மொழியின் கதவைத் திறக்கும் சாவிகள் அவை. மொழிகளின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். அந்த அத்தாட்சியைக் கற்பதில் நம் பிள்ளைகளுக்கு அச்சம் எதற்கு?

பயன் தரும் கல்வியையும், அதில் நிலைத்து நிற்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.