ஆலங்காட்டு பனியன்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற லோக்கலில் கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர் எல்லாம் தாண்டினால் திருவாலங்காடு. நடராஜர் காளியோடு போட்டிபோட்டு ஆடி, காலைத் தூக்கி ஜெயித்த ஊர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர். ஆலமரக் காடு, அதனால் ஆலங்காடு. சம்ஸ்கிருதத்தில் வடாரண்யம். இதை இங்கிலீஷில் மொழிபெயர்க்கச் சொன்னால் 'பனியன் ஃபாரஸ்ட்' என்று வரும். சிரிக்காதீர்கள். ஆலமரத்துக்கு இங்கிலீஷ் பெயர் அதுதான்.

சரி, அந்த மரத்துக்கும் நாம் சட்டைக்குள் போட்டுக்கொள்கிற பனியனுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே வார்த்தை என்கிற சம்பந்தம்.

குஜராத்தில் வியாபாரிக்குப் பெயர் வாணியோ. (நம் வணிகனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.) போர்த்துகீசியர் வாயில் விழுந்து அது பனியன் ஆகிவிட்டது. பாரசீக வளைகுடாவில் கோம்ப்ரூன் என்று ஒரு துறைமுகம், இன்றைய ஈரானின் பந்தர் அப்பாஸ். அங்கே கடை போட்ட குஜராத்தி வியாபாரிகள் ஒரு மரத்தடியில் சின்னதாகக் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். 17-ம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன வெள்ளைக்காரர்கள் அதை 'பனியன்களின் மரம்' என்று எழுதிவைத்தார்கள். நாளடைவில் 'களின்' உதிர்ந்துபோய், உலகத்தில் உள்ள ஆலமரத்துக்கெல்லாம் அதுவே பெயராகி நின்றுவிட்டது.

அதே வியாபாரிகள் போட்டிருந்த தொளதொள அங்கியும் வெள்ளைக்காரனுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கும் பனியன் என்றே பெயர் வைத்தான். 18-ம் நூற்றாண்டு லண்டன் கனவான்கள் பனியனோடு உட்கார்ந்து ஓவியருக்கு போஸ் கொடுத்திருக்கிறார்கள். (முழங்காலுக்குக் கீழே தொங்குகிற சமாச்சாரம். பதற வேண்டாம்.) அது சுருங்கிச் சுருங்கி, கையும் போய், கடைசியில் திருப்பூருக்கு வந்து சேர்ந்தது தனிக் கதை.

இந்த மாதிரி சமாச்சாரங்களை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்கிற புத்தகம் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்'. 1886-ல் வந்த அகராதி. எழுதியவர்கள் ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் என்ற இருவர். பெயரே ஒரு கூத்து. மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன்! யா ஹுசேன்!' என்று மார்பில் அடித்துக்கொண்டு கதறுவதைக் கேட்ட வெள்ளைச் சிப்பாய்கள் அதை 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று ஆக்கிவிட்டார்கள். நம் வார்த்தைகள் அவர்கள் வாயில் என்ன பாடுபட்டன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

யூல் எஞ்சினீயர். பர்னல் நம்ம ஆள். மதராஸ் சிவில் சர்வீஸில் 1860-ல் வந்து சேர்ந்து, தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். கேஸ் கட்டு பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில், தஞ்சை அரண்மனையில் இருந்த சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டார். உடம்பு கெட்டு 1882-ல், 42 வயதில் போய்விட்டார். அகராதி அச்சாகி வந்ததைப் பார்க்கவில்லை. மீதியை யூல் ஒற்றை ஆளாக முடித்து, பர்னல் பெயரையும் அட்டையில் போட்டார். கூட்டாளி செத்தால் பெயரை எடுத்துவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருப்பதால் எனக்கு யூல் மேல் மரியாதை உண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதுகிற நண்பர் ஒருவர் அடிக்கடி கேட்பார்: "சார், இங்கிலீஷ்காரன் கேஷ்னு சொல்றானே, அது நம்ம காசுதானே?" இதை அவர் மட்டும் சொல்வதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பட்டிமன்ற மேடை வரை எல்லோரும் சொல்கிறார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு இதில் நான் தீர்ப்பு சொல்லியே ஆகவேண்டும்.

இங்கிலீஷில் கேஷ் என்று இரண்டு வார்த்தைகள் உண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்று, அப்பா அம்மா வேறு. நாம் கேஷ் புக்கில் எழுதுகிற கேஷ் இத்தாலி, பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பணப்பெட்டி என்று அர்த்தம். பெட்டியின் பெயர் பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் போய்விட்டது. கேஷியர் என்பவர் ஆதியில் பெட்டிக்காரர், காசுக்காரர் இல்லை. நண்பருக்கு இதில் வருத்தம்தான். என்ன செய்வது, தமிழ் மேல் ஆசை இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பெட்டியை நம் வீட்டுப் பெட்டி என்று சொல்ல முடியாது.

ஆனால் இரண்டாவது கேஷ் இருக்கிறது பாருங்கள், அது சுத்தமாக நம்முடையது. போர்த்துகீசியர்கள் காசு என்பதை எழுதும்போது, தங்கள் மொழியில் பெட்டிக்கு உள்ள எழுத்துக்கூட்டலையே கிட்டத்தட்டப் போட்டுவிட்டார்கள். அது இங்கிலீஷுக்குப் போய் கேஷ் ஆனது. அர்த்தம் சில்லறை நாணயம். புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிக் குமாஸ்தாக்கள் கணக்கு எழுதிய விதம் இது: 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. ஃபனம் என்றால் பணம், பகோடா என்றால் வராகன். (வெங்காயம் போட்டது இல்லை.) ஆக ஒரு பகோடாவுக்கு 3,360 கேஷ். டெபிட், கிரெடிட் டாலி ஆகாமல் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடி அந்தக் குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கவும். கூட்டல் முடிந்ததும் 80-ஆல் வகுக்க வேண்டும், அப்புறம் 42-ஆல். 1818-ல் ரூபாய்க்கு மாறி இந்தத் தலைவலி தீர்ந்தது. 350 ரூபாய்க்கு 100 பகோடா என்று ரேட் வைத்தார்கள்.

அதோடு அந்தக் கேஷ் செத்துப்போனதா என்றால், இல்லை. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீன நாணயங்களை நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். சீனாக்காரன் காசுக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் தமிழ்ப் பெயர். நண்பருக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்து டீ வாங்கிக்கொடுத்தார். கேஷாகத்தான் கொடுத்தார், பெட்டிக் கேஷ்.

ஆபீஸுக்குள்ளேயே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பியூன். போர்த்துகீசிய மொழியில் காலால் நடக்கிறவன், காலாட்படை வீரன் என்று அர்த்தம். செஸ் ஆட்டத்தில் முன்வரிசையில் நிற்கிற பான் என்கிற சிப்பாயும் இந்தக் குடும்பம்தான். முன்னால் போய் வழி போடுகிற பயனீரும் அதே குடும்பம். (அடகுக்கடை பான் வேறு ஜாதகம்.) அந்தச் சிப்பாய் கட்டம் கட்டமாக நகர்ந்து கடைசி வரிசைக்குப் போனால் ராணி ஆகலாம். ஆபீஸ்களில் அப்படி ஏதும் ரூல் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொருவர் ரைட்டர். கதை எழுதுகிறவர் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தனின் அடிமட்டப் பதவிக்கு ரைட்டர் என்று பெயர். 1744-ல் மதராஸில் வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ் ஒரு ரைட்டர். லெட்ஜர் காப்பி எடுக்க வந்த பையன் ராஜ்யம் பிடித்தான். இங்கிலாந்தில் அந்த அர்த்தம் வழக்கொழிந்துபோயிற்று. நம் ஸ்டேஷனில் மட்டும் ரைட்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். டிபனும் இப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிப்பதைக் குறிக்கிற பழைய இங்கிலீஷ் கொச்சையிலிருந்து வந்தது என்கிறார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் டப்பாவில் போட்டு யூனிட் ட்ரெயினில் எடுத்துப் போகிறோம்.

நாம் அவர்களுக்குக் கொடுத்ததில் ருசியானது மிளகுத்தண்ணி. அதை முல்லிகட்டானி என்று ஆக்கி, அதில் இறைச்சியும் போட்டுக் குடித்து, மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கே 'முல்' என்று பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டார்கள். பம்பாய்க்காரர்களுக்கு 'டக்'. நாம ரசம், அவங்க வாத்து.

எல்லாம் இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிற வார்த்தைகள் அல்ல. இங்கிலீஷ் பத்திரிகைகளில் ஒரு தேசத்தோடு யாரும் பேசவில்லை என்றால் அதை 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். பறை என்ற வாத்தியத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஒரு ஜனங்களின் பெயர் அது. நம் ஊர்க்காரர்கள் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை வெள்ளைக்காரன் பார்த்தான். பெயரை எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம் போட்டு உலகம் முழுக்க அனுப்பிவிட்டான். தெருநாய்க்கும் அதே பெயர். பறவைகளைக்கூட விடவில்லை: கருடனுக்கு 'பிராமினி கைட்', குப்பைமேட்டில் சுற்றுகிற பருந்துக்கு 'பரையா கைட்'. ஆகாயத்திலும் ஜாதி. பருந்துக்கு இப்போது பறவை நூல்களில் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். தேசங்களுக்கு இன்னும் மாற்றவில்லை. உதவி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுத இரண்டு வார்த்தைதான் ஆகும். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் பத்திரிகை ஆரம்பித்தபோது, கூசிக்கொள்ளச் சொல்லப்பட்ட அந்தப் பெயரையே, 'பறையன்' என்று முகப்பில் அச்சடித்தார். அகராதி வெளிவந்து ஏழே வருஷம்.

கும்மிடிப்பூண்டி நண்பரின் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் ஒரு குடோன் இருக்கிறது. இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துத்தான் அவர் ரிஜிஸ்டரில் எழுதுகிறார். இங்கிலீஷ்காரனுக்கு அது மலாய் மொழியிலிருந்து கிடைத்தது, அங்கே குடாங். மலாய்க்காரனுக்கு அது தெற்கத்திச் சரக்கு என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. தெலுங்கில் கிட்டங்கி, தமிழில் கிடங்கு. திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேடுகள் கப்பல் படை கடல் தாண்டி கடாரத்தை ஜெயித்ததைப் பாடுகின்றன. அதற்கும் முன்னாலிருந்தே அந்தக் கடலில் நம் வியாபாரிகள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு போன வார்த்தை மலாய், இங்கிலீஷ் என்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டது. கிடங்கு என்றால் இப்போது தூய தமிழ் பேசுகிறார் என்று பார்க்கிறார்கள்.

திருவள்ளூர் மாவட்டமே நேரடியாக இங்கிலீஷ் அகராதிக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறது. 'புல்லிகேட்' என்றால் கட்டம்போட்ட கலர் கைக்குட்டை. பழவேற்காட்டை அவர்கள் புலிகாட் என்பார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்த ஊர். அங்கிருந்து கப்பலேறிய கைக்குட்டைக்கு ஊர்ப் பெயரே நிலைத்தது. பிறகு ஸ்காட்லாந்து நெசவாளிகள் அதே டிசைனைக் காப்பியடித்து, அதே பெயரில் நெய்தார்கள். டூப்ளிகேட் புல்லிகேட். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. மண்டை ஓடு, எலும்புக்கூடெல்லாம் செதுக்கியிருப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள் மறக்காமல் ஒரு கர்ச்சீப் எடுத்துப் போங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும்.