சமர்த்துப் பிள்ளை

ஜவ்வாது மலை என்றதும் நேயர்களில் சிலருக்குச் சந்தன மரமும், சாமையும், தேனும், பலாப்பழமும் ஞாபகத்துக்கு வரும். வான சாஸ்திரத்தில் ருசியுள்ளவர்களுக்குக் காவலூர் ஞாபகம் வரும். நம் தேசத்து விஞ்ஞானிகளின் உழைப்பில் உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே இயங்கத் தொடங்கியது. இவ்வளவு தொலைவைப் பார்க்கும் கண் படைத்த மலையில், எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்து அதன் மனத்தை அறிய யாருக்கேனும் கற்றுக் கொடுத்திருக்கிறோமா? இவ்வாரம் நாம் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

இம்மலையில் பெருவாரியாக வசிப்பவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரள தேசத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழே. மழையை நம்பிய விவசாயம். அறுவடை முடிந்தால் வேலை தேடி மலையிறங்க வேண்டும். தகப்பன் போவான், சில சமயம் தாயும் கூடப் போவாள். குழந்தை பாட்டியிடம் இருக்கும். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் போலீஸாரின் துப்பாக்கிக்கு 20 பேர் இரையானார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றது போலீஸ். இறந்தவர்களில் ஜவ்வாது மலைக் கிராமத்தாரும் இருந்தனர். வழக்கும் விசாரணையும் பத்திரிகைகளில் நிரம்ப வந்தன. அந்த வீடுகளில் தகப்பன் வருவான் என்று வாசலைப் பார்த்திருந்த சிறு குழந்தைகளிடம் யார், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எந்தப் பத்தியிலும் வரவில்லை.

மூன்று வயதுக் குழந்தைக்குத் துக்கம் உண்டு. அதைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆகையால் சோற்றில் சொல்கிறது, தூக்கத்தில் சொல்கிறது, விளையாட்டில் சொல்கிறது. ஓங்கி அழும் பிள்ளையை யாராவது தூக்கிக் கொள்வார்கள். மூலையில் உட்கார்ந்து, கொடுத்ததைத் தின்று, கூப்பிட்டால் மட்டும் வரும் பிள்ளையை, “எவ்வளவு சமர்த்து!” என்று மெச்சிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். மலையில் மட்டுமல்ல, மயிலாப்பூரிலும் வழக்கம் இதுவே. சமர்த்தில் உண்மையான சமர்த்தும் உண்டு. வாய் விட்டு அழத் தெரியாத சோகமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது பயின்று பெற வேண்டிய வித்தை.

அந்த வித்தையை யாருக்குக் கற்பிப்பது? மலைக் கிராமத்தில் டாக்டரைவிட, பெரிய பள்ளிக்கூடத்து ஆசிரியரைவிட முன்னதாகக் குழந்தையைத் தினமும் பார்க்கிறவர் அங்கன்வாடி ஊழியர். மக்கள் இன்னும் அவரைப் ‘பால்வாடி டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று 33 வட்டாரங்களில் ஆரம்பமாயிற்று. உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்குப் போதனை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள் வகுத்தார்கள். ஆறும் அவசியமே. ஆனால் மனநலம் என்ற பெயரில் ஒன்றும் இல்லை. குழந்தையை நிறுக்கத் தராசு உண்டு. பாரம் மனத்தில் இருந்தால் அது காட்டாது.

‘அங்கன்வாடி’ என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. தாராபாய் மோடக் அம்மையாரும் அவருடைய சகா அனுதாய் வாக் அம்மையாரும் 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி கிராமத்தில் சிறுவர் கல்வி நிலையம் தொடங்கினார்கள். பிறகு பக்கத்திலுள்ள கோஸ்பாட் குன்றுக்குப் போய் வார்லி பழங்குடிக் குழந்தைகளிடையே பணி செய்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று கண்டதும், பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடந்தது. அங்கன் என்றால் முற்றம். பெயரை எடுத்துக் கொண்ட நாம், குழந்தை இருக்கும் இடத்துக்கு நாமே போவது என்ற கொள்கையையும் எடுத்துக் கொள்ள வேண்டாமா?

“படித்த நிபுணர் செய்ய வேண்டிய வேலையைப் பால்வாடி டீச்சரா செய்வது?” என்று கேட்பவர்கள் ஜமெய்க்காத் தீவின் அனுபவத்தைக் கவனிக்கலாம். 1986, 87-ஆம் ஆண்டுகளில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டார்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதார ஊழியர்கள் இரண்டு வருஷ காலம் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துக் கொண்டு, குழந்தையுடன் பேசவும் விளையாடவும் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அக்குழந்தைகள் 17, 18 வயதை அடைந்தபோது, அப்படி விளையாடக் கிடைக்காதவர்களைக் காட்டிலும் கவலையும் மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாக இருந்தன, தன்மதிப்பு மிகுந்திருந்தது.

ஆகவே பயிற்சியில் இருக்க வேண்டியது என்ன? முதலாவது, பார்ப்பது. ஒரு குழந்தையை அடுத்த குழந்தையோடு ஒப்பிடாமல், அதே குழந்தையின் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டும். ஓடியாடியது ஒடுங்கிற்றா? பேசியது வாய் மூடிற்றா? பழக்கம் விட்டுப்போன பிறகு மீண்டும் பாயை நனைக்கிறதா? இரண்டாவது, பதில் தருவது. தினமும் அதே முகம், அதே வரவேற்பு, அதே பாட்டு. கலங்கிய மனத்துக்கு இதைவிட மருந்து குறைவு. “அப்பா கடைக்குப் போயிருக்கிறார்” என்ற பொய் வேண்டாம். “வேலைக்குப் போயிருக்கிறார், பொங்கலுக்கு வருவார்” என்ற உண்மை போதும். பூச்சாண்டியும் போலீஸ்காரரும் பால்வாடிக்குள் நுழையவே கூடாது; குழந்தையின் மலைப் பேச்சைக் கேலி செய்வதும் கூடாது. மூன்றாவது, தன் எல்லையை அறிவது. நாலைந்து வாரமாகியும் மாறாத குழந்தைக்கு முத்திரை குத்தாமல், மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 14416 என்ற எண்ணில் தொலைபேசி மூலம் இலவச ஆலோசனை கிடைக்கும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கல்விப் பயிற்சி தர மத்திய சர்க்கார் 2023-ல் ஒரு திட்டம் தொடங்கி, 3 நாள் வகுப்பும் ஏற்படுத்தியது. நல்ல காரியந்தான். ஆனால் நீச்சலை மண்டபத்தில் உட்கார்ந்து கற்க முடியாது. மாதம் ஒரு முறையாவது தேர்ந்த ஒருவர் ஜமுனாமரத்தூருக்கு வந்து, அங்கிருந்து சிற்றூர்களுக்கு நடந்து, டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: பதிவேடு, எடை, செல்பேசியில் கணக்கு, தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியல் என்று அந்தப் பெண்மணியின் தலையில் நாம் ஏற்றாத சுமை இல்லை. அவருக்கும் மனம் உண்டு. ஆறுதல் கொடுக்க வேண்டியவருக்கு அரை நாழிகை ஓய்வும், தன் கஷ்டத்தைச் சொல்லிக் கொள்ள ஓர் இடமும் வேண்டும்.

1939-ல் மாண்டிஸோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அதன் பலனை நகரத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருகின்றன. மலைக் குழந்தைக்கு அதில் பங்கு இல்லை என்று எந்தச் சுயராஜ்யமும் சொல்லவில்லை. ஐந்தாறு வயதில் பல குழந்தைகள் வீட்டை விட்டு உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகப் போகிறார்கள். அதற்குள் அவர்கள் மனத்துக்கு ஊன்றுகோல் கொடுக்க இருப்பது மூன்றே வருஷம். நம் தேசத்துச் செல்வத்தில் சந்தன மரத்தை எண்ணி இலக்கம் போட்டுக் காவல் வைத்தோம். மூலையில் சமர்த்தாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, பெயர் சொல்லி ஒரு முறை அழைத்துப் பக்கத்தில் உட்காரவாவது ஓர் ஆளைப் பழக்குவோம்.