எந்தக் கரைக்கு எந்தப் படகு?

ஊரிலே தம்பியோ மைத்துனனோ கடற்றொழில் செய்ய, இங்கே தேவ்நாரிலும் செம்பூரிலும் உழைத்து மிச்சம் பிடித்த பணத்தைப் படகுக்கென அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும், “எந்த எஞ்சின் நல்லது?” என்பதே. அது இரண்டாவது கேள்வி. படகு எந்தக் கரையில் இறங்கி எந்தக் கரையில் ஏறப்போகிறது என்பதே முதற் கேள்வி.

ஒரு ஞாயிறன்று டிராம்பே கோளிவாடாவுக்குச் சென்று பாருங்கள். நீர் வற்றிய வேளையில் படகுகள் சேற்றின்மீது அமர்ந்திருக்கும். ஓதம் ஏறியதும் தாமே மிதந்தெழும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் பம்பாய்க் கரையில் கடல் நீர் ஏறக்குறைய 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. கோளி மக்கள் அலையோடு போராடிப் படகைக் கரையேற்ற வேண்டுவதில்லை. கழிமுகம் அவர்களைக் காக்கிறது. ஆதலின் கனத்த உடலும் ஆழ்ந்த முன்பகுதியும் கொண்ட படகு அவர்களுக்குப் பொருந்துகிறது.

இதே படகைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டு சென்றால் என்னாகும்? அங்கே ஓதம் ஏறி இறங்குவது 1 மீட்டர் அளவே. ஆனால் திறந்த மணற்கரையில் ஆண்டு முழுவதும் அலை உடைகிறது. ஆழ்ந்த அடிக்கட்டை மணலிற் குத்திக்கொள்ளும். அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். இதை அறிந்த நம் முன்னோர் கண்டது கட்டுமரம். அதில் நீர் தேங்க இடமில்லை; ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே ஓடிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை உலர்த்தலாம். (நம் சொல்லை எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் இன்று இரட்டை உடற் கப்பலுக்கு அப்பெயரைச் சூட்டியிருப்பது வேறு கதை.) சென்னைத் துறைமுகம் எழுவதற்கு முன் கப்பலிலிருந்து மக்களைக் கரைசேர்த்த மசூலாப் படகும் இவ்வகை அறிவே: ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகள், அலையின் அடிக்கு நெளிந்து கொடுத்தன.

கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையில் கடல் அமைதியானது, ஆழமும் குறைவு. அங்கே வள்ளம் போதும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் போட் பிடித்துக்கொண்டது. அதைக் குறை கூறுவதற்கில்லை. விரைவாகச் செல்லும், மீனும் மிகுதியாக ஏற்றலாம். ஆனால் அந்நாளில் நிவாரண அவசரத்தில் வார்க்கப்பட்ட படகுகளுள் தரங்குறைந்தவை பல. கொடுத்தவர்களின் உள்ளம் நல்லதே. கரையைக் கேளாமற் கொடுத்ததே பிழை.

ஆகவே புதுப் படகு பார்க்கும்போது வண்ணப்பூச்சில் மயங்கற்க. உட்புறத்தில் இழை தெரிகின்ற இடங்களும் விரலால் தட்டினால் வெற்றோசை எழும் இடங்களும் உள்ளனவா என நோக்குக. நீர் நிறைந்தாலும் மிதந்து நிற்பதற்கான மூடிய மிதவை அறைகளோ நுரைக்கட்டிகளோ இருக்கின்றனவா என்பதே யாவற்றினும் முக்கியம். கட்டுமரம் தானே மிதக்கும். பைபர் படகுக்கு அந்தப் பண்பைச் செய்து வைத்தாலன்றி வாராது. இவ்வொன்றுக்காகச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீணன்று. அதைச் சேமித்தவன் பின்னர் எதைக் கொடுத்து ஆளை மீட்பான்?

இனி எஞ்சின். மணற்கரையில் ஏறும் படகுக்கு, விசிறியை நொடியில் நீருக்கு மேல் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அக்குறிப்பிட்ட வகைக்கு உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் ஊருக்கு அருகில் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். பட்டணத்திலிருந்து தருவிக்க வேண்டிய ஒரு சிறு பாகத்துக்காகப் பருவம் முழுதும் படகு கரையிற் கிடக்க நேரலாம்.

ஆகையால் பணம் அனுப்புமுன் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் கரையில் அலை எங்கே உடைகிறது, படகை மேலேற்ற எத்தனை ஆள் வேண்டும், அத்தனை ஆள் விடியற்காலையில் கிடைப்பரா என்று கேளுங்கள். பதில் வந்தபின் ஓட்டப்போகிறவரையே பட்டறைக்கு அனுப்பி, அவர் கையாலேயே படகைத் தட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.