தீவுகளாகக் கிடக்கும் கணினிகள்

கடலாற் பிரிந்து கிடந்த புங்குடுதீவை வேலணையோடு இணைத்தது வாணர் பாலம். கணினிகளை அவ்வாறு இணைப்பது, 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செறொக்ஸ் ஆய்வுகூடத்தில் தோன்றிய ஈதர்நெற் முறை. அதன் வடத்தினுள் 8 செப்புக் கம்பிகள் 4 சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. அம்முறுக்கே புறத்து மின்னிடையூற்றைத் தணிப்பது. 100 மீற்றருக்கு மேல் அவ்வடத்தை நீட்டலாகாது. கட்டடங்களுக்கிடையே, மின்னலைக் கடத்தாத ஒளியிழை வடமே தக்கது. உப்புக்காற்றுச் செப்பு முனைகளை அரிக்குமாதலின், மூடிய பெட்டிகளும் வேண்டும்.

தீவகப் பாடசாலைகளுக்குக் கணினிகளை வழங்கும் பழைய மாணவர்காள்! வடம் பதிக்கும் செலவையும், மாணவரே முனை பொருத்திச் சோதிக்கும் பயிற்சியையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும் என்பது எமது துணிபு. இணைப்பின்றிக் கணினிகளைக் குவித்தல், பாலமின்றித் தீவுக்கு வண்டி வாங்கிக் கொடுப்பதை ஒக்கும். பழுதைத் தாமே திருத்தவல்ல மாணவரை உருவாக்குவதே நாம் செய்யத்தக்க நிலைத்த அறம்.