ஆண் எறும்பு சோம்பேறியா?

"எறும்பைப் பார்த்து உழைக்கக் கத்துக்கோ" என்று பையன்களைத் திட்டுவது கோவைப் பக்கம் சகஜம். வேடிக்கை என்னவென்றால், சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகும் எறும்புகள் அத்தனையும் பெண்கள்! ஆண் எறும்பு அந்த வரிசையிலேயே இருக்காது.

பெரும்பாலான எறும்பு இனங்களில் ஆணுக்குச் சிறகு உண்டு. மழைக்குப் பின் பறந்து போய் ராணியோடு சேரும். கொஞ்ச நாளில் செத்தும் போகும். டியூப்லைட்டில் மோதும் ஈசல் வேறு... அது கரையான். கரையானில் ஆண், ராஜாவாக ராணியுடனேயே தங்கிவிடும். எறும்புப் புற்றில் ராஜாவே கிடையாது.

அதனால் ஆண் எறும்பு தண்டச்சோறு என்று கணக்கை மூடிவிடலாமா? கூடாது. அது தரும் விந்தணுக்களை ராணி தன் உடம்பிலேயே சேமித்து வைத்து, பல இனங்களில் வருடக்கணக்காக முட்டையிடுகிறது. ஒரு தடவை போட்ட முதலீடு, ஆயுள் முழுக்க வருமானம்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஆம்பளைன்னா சண்டை போடணும், அதுதான் இயற்கை" என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் கூட்டம். அவர்களுக்கு கார்டியோகாண்டைலா என்ற குட்டி எறும்பைக் காட்ட வேண்டும். இதில் ஒரு இனத்துக்கு 1890-ல் சுவிஸ் விஞ்ஞானி அகஸ்ட் ஃபோரல், இந்தியாவில் வேலை பார்த்த வனத்துறை அதிகாரி ராட்டனின் பெயரை வைத்தார். அதன் நெருங்கிய சொந்தம் ஆப்ஸ்கியூரியர் என்ற இனம்.

ஆப்ஸ்கியூரியரில் ஆண்களே இரண்டு வகை. சிறகில்லாத ஆண் கூட்டுக்குள்ளேயே இருந்து, போட்டிக்கு வரும் இன்னொரு சிறகில்லாத ஆணைக் கடித்துக் கொல்லும். சிறகுள்ள ஆண் பரம சாது. அது இளம் ராணியின் வாசனையைப் பூசிக்கொண்டது போல இருப்பதால் சண்டைக்கார ஆண்கள் ஏமாந்து விடுகின்றன என்று 2002-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கைகலப்பே இல்லாமல் இதற்கும் ஜோடி கிடைக்கிறது :-)

இதில் எது "உண்மையான ஆம்பளை"? ஒரே கூட்டில், ஒரே தாய்க்குப் பிறந்தவை இரண்டும். குளிர் போன்ற நெருக்கடி வந்தால் சிறகுள்ள ஆண்கள் உருவாகின்றன. ஆக, எந்த வகை ஆண் என்பதைப் புழுப்பருவத்தில் வளரும் சூழல் முடிவு செய்கிறது. பிறவிக்குணம் என்று சொல்ல அங்கே வழியில்லை.

எறும்புக்கே "ஆண் என்றால் இப்படித்தான்" என்று ஒரு சட்டம் இல்லை. அப்புறம் அழுகிற பையனைப் பார்த்து "பொம்பளை மாதிரி அழாதே" என்று அதட்டுகிறவர்கள், எந்த இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்?