குமிழி நின்றால் போதுமா?

வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவை என்ற விதியை பிரிட்டன் 1963இல் நீக்கியது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் அன்றிலிருந்து ஓயாத கேள்வி, எந்த நாளில் பாட்டிலில் அடைப்பது என்பது. கடையில் விற்கும் பீர் கிட்டின் குறிப்பு நாள் கணக்குச் சொல்லும். பழகியவர்களோ, மூடியில் செருகிய ஏர்லாக்கில் குமிழி நின்றால் வேலை முடிந்தது என்பார்கள். இரண்டையும் நம்பக் கூடாது. பீர் நொதிக்கும் வாளிக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்று தெரியாமல் அந்த நாளைக் குறிக்கவே முடியாது என்பது என் கட்சி.

மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரத்தில் கசிந்துவிடும்; உள்ளே நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதே ஏர்லாக் அசையாமல் கிடக்கும். அறை சற்றுச் சூடானாலோ, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, வேலை முடிந்த பீரும் குமிழி விடும். நம்ப வேண்டியது, தண்ணீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை. 1.048இல் தொடங்கிய சாறு 1.010 அருகே இறங்கி, இரண்டு மூன்று நாள் அதே கோட்டில் நின்றால், ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை தீர்ந்தது என்று பொருள். அவசரப்பட்டு 1.014இல் அடைத்தால், மிச்சமுள்ள சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து, பீரின் கனஅளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயுவைக் கிளப்பும். நுரைக்காக லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை வேறு போடுகிறோம். அத்தனை அழுத்தத்தைச் சாதாரண பீர் பாட்டில் தாங்கும் என்று நம்ப முடியாது. வெடித்தால் கண்ணாடிச் சில்லு முகத்தில் பாயும்.

ஆனால் அளவு அசையாமல் நிற்பதும் சில சமயம் ஏமாற்றும். குளிர்ந்த அறையில் ஈஸ்ட் முடங்கி 1.020இலேயே நின்றுவிடலாம். அதை அடைத்து வைத்தால் வெயில் வரும்போது விழித்துக்கொள்ளும். அடைப்பதற்கு முன்பே 20 டிகிரிக்குக் கொண்டுவந்து மறுபடி அளப்பதுதான் சரி. அந்தக் கடைசிச் சூடு இன்னொன்றும் செய்யும்: வெண்ணெய் வாடை தரும் டையசெட்டைலை ஈஸ்ட் தானே உறிஞ்சிக்கொள்ளும். முதல் மூன்று நாளில் மட்டும் சூடு கூடாது. நொதித்தலே வெப்பம் கக்குவதால் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடியிருக்கும். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். 25ஐத் தாண்டினால் தொண்டையைக் காந்தும் கனமான ஆல்கஹால்கள் உண்டாகும், பிறகு எதைச் செய்தாலும் அவை போகா. சுவரில் தொங்கும் வெப்பமானி இங்கே உதவாது; வாளியின் பக்கத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சூடேறினால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துணி சுற்றலாம்.

கருவி ஏதுமின்றி நூற்றாண்டுகளாகக் காய்ச்சினார்களே என்று கேட்கலாம். அவர்களும் வெப்பத்தைக் கவனித்தே காய்ச்சினார்கள். 1553இல் பவேரியாவில் செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று ஆணையிட்டார்கள். கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதே காரணம். 1870களில் ஜெர்மன் பொறியாளர் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் ம்யூனிக் பீர் ஆலைக்குள் வந்த பிறகுதான் பருவத்தின் பிடி தளர்ந்தது. வாளியைத் திறந்து திறந்து அளந்தால் கிருமி சேருமே என்ற இன்னொரு அச்சம் நியாயமானது. அதற்காக அளக்காமல் விட வேண்டியதில்லை; வாளியின் குழாய் வழியாக 100 மில்லி பிடித்து, திரும்ப ஊற்றாமல் இருந்தால் சரி. கடைசியில் இரண்டு முறை அளந்தாலே போதும். இரண்டும் ஒன்றாக வரவில்லையா, காத்திருங்கள். மூடிய வாளியில் கூடுதலாக ஒரு வாரம் இருந்ததால் பீர் கெடுவதில்லை.